ஹெட்டுன்னா ஹெட்டுதானே?

இன்ஜின் பிரித்து வேலை செய்கிற பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஹெட்டுன்னா ஹெட்டுதானே சார், போல்ட் ஓட்டை ஒத்து வந்தா மாட்டிட வேண்டியதுதானே?" கேட்கிறவர் நல்ல மெக்கானிக்காகவே இருப்பார். கை சுத்தமானவராகவும் இருப்பார். ஆனாலும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். போல்ட் ஓட்டை ஒத்துப்போவது ஜாதகத்தில் ஒரு பொருத்தம் கூடி வந்த மாதிரி. பத்துப் பொருத்தத்தில் மீதி ஒன்பதை யார் பார்ப்பது?

என் வம்பு பம்பு வார்ப்புகளோடு சரி, கார் இன்ஜின் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நான் மெக்கானிக் இல்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் ஷாப்பில் சேர்ந்து, இன்ஸ்பெக்‌ஷனில் ஓய்வு பெற்றவன். இன்ஜின் ஓடும்போது என்ன ஆகும் என்பதை மெக்கானிக் சொல்லட்டும். அந்த ஹெட் இரும்புக் குழம்பாக இருந்தபோது அதற்கு என்னென்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்கிறேன். என் அபிப்பிராயம் அந்த அளவுக்குத்தான்.

போன தடவை வார்ப்பு பற்றி எழுதியபோது, "ஒன்றும் புரியவில்லை, ஆனால் படித்தேன்" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அவருக்காக அடுப்படி வழியாகவே வருகிறேன்.

கொழுக்கட்டை பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாவு, உள்ளே பூரணம். வெந்த பிறகு பூரணத்தை மட்டும் உதிர்த்து வெளியே எடுத்துவிட முடிந்தால், உள்ளே பூரணத்தின் வடிவத்தில் ஒரு காலி இடம் இருக்கும் அல்லவா? சிலிண்டர் ஹெட் இப்படித்தான் பிறக்கிறது. மாவுக்குப் பதில் இரும்பு. பூரணத்துக்குப் பதில் மணலைப் பிசின் சேர்த்து இறுக்கிச் செய்த 'கோர்'. தண்ணீர் ஓடும் வழிக்கு ஒரு கோர், காற்று உள்ளே வரும் வழிக்கு ஒன்று, புகை போகும் வழிக்கு ஒன்று. எல்லாவற்றையும் அச்சுக்குள் அடுக்கி, மூடி, குழம்பை ஊற்றுகிறோம். ஆறிய பிறகு மணலை உதிர்த்து எடுத்தால் உள்ளே குகை குகையாக வழிகள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பூரணம் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கினால், அந்தப் பக்கம் மாவு மெல்லிசாகிவிடும். ஆவியில் வெடிப்பது அந்த இடம்தான். கோரும் அப்படித்தான் நகரும். குழம்பு பாய்கிற வேகத்தில், மிதக்கிற விசையில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். 5 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய சுவர் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 7 ஆகிவிடும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு ஹெட்டும் இரட்டைப் பிள்ளைகள். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். யார் அறுத்துப் பார்ப்பார்கள்?

(ஹெட்டிலும் பிளாக்கிலும் வட்டமாகத் தகடு அடித்து அடைத்திருப்பார்களே, அது தண்ணீர் உறைந்தால் வெளியே தள்ளிக்கொண்டு இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக வைத்தது என்று படித்தவர்கள்கூடச் சொல்வார்கள். இல்லை. கோரைத் தாங்கிப் பிடிக்கவும், பிறகு மணலை வெளியே எடுக்கவும் விட்ட ஓட்டை அது. வேலை முடிந்ததும் மூடி போட்டார்கள், அவ்வளவுதான்.)

இனி எண்ணுக்கு வருகிறேன். வார்ப்பின் மேல் புடைத்துக்கொண்டு ஒரு எண் இருக்கும். பேட்டர்னில் எழுத்தை ஒட்டி வைத்திருப்போம், அது மணலில் பதிந்து, இரும்பில் புடைத்து வரும். அதுதான் வார்ப்பு எண். இது தவிர, கடைசலெல்லாம் முடிந்த பிறகு பஞ்சு வைத்துச் சுத்தியால் அடிக்கிற எண் வேறு. புடைத்த எண், வார்ப்பு எந்த அச்சில் பிறந்தது என்று சொல்லும். பிறந்த பிறகு அதை எப்படிக் கடைந்தார்கள், எந்த அளவு வால்வு போட்டார்கள் என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள், எண்ணையே பார்க்காதவர்களைவிட ஒரு விதத்தில் ஆபத்தானவர்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தங்களுக்குத் தெரியும் என்ற தைரியம் இருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய மினி காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1275 சிசி இன்ஜின் ஹெட்டில் 12ஜி940 என்ற வார்ப்பு எண் இருக்கும். பழைய மினிப் பிரியர்கள் அந்த எண்ணை மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். ஆனால் அதே எண்ணோடு, உள்வால்வு சுமார் 33 மில்லிமீட்டர் இருக்கிற ஹெட்டும் உண்டு, கூப்பர் எஸ் வகையில் சுமார் 35.6 மில்லிமீட்டர் இருக்கிற ஹெட்டும் உண்டு. கூப்பர் எஸ் ஹெட்டை இறுக்க 11 இடங்கள், மற்றதில் 9. எண் மட்டும் ஒன்றே. இன்னொன்று: இந்த ஹெட்டை ஆசைப்பட்டு 998 சிசி மினியில் தூக்கி வைக்கிறவர்கள் உண்டு. உட்காரும். ஆனால் 1275-ன் துளை 70.6 மில்லிமீட்டர், 998-ன் துளை 64.6 மில்லிமீட்டர். சிறிய துளையின் மேல் பெரிய ஹெட்டின் புகைவால்வு திறந்தால் பிளாக்கின் விளிம்பில் போய் இடிக்கும். பிளாக்கில் அந்த இடத்தைக் குடைந்து இடம் விட்டால்தான் ஓட்டலாம். ஓட்டை ஒத்து வந்தது, வால்வு ஒத்து வரவில்லை. நான் சொன்ன பத்துப் பொருத்தம் இதுதான்.

இவ்வளவு எழுதத் தூண்டியது அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன். அங்கே ஒரு பழைய ஜீப் செரோக்கி வாங்கினான், 2000-ஆம் வருட மாடல், 4 லிட்டர், ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின். பெண்டாட்டிக்குப் பிடிக்கவில்லை, இவனுக்கு உயிர். ஒருநாள் ராத்திரி போன்.

"மாமா, தூங்கிட்டீங்களா? ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்குதுங் மாமா. வெளிய ஒரு சொட்டு ஒழுகலை. ஆயில் மூடியத் திறந்தா பால் கலந்த காப்பியாட்டம் இருக்குது."

"ஓட்டாதே மாப்ளே. அப்படியே நிறுத்து" என்றேன்.

தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு இருக்காது. பேரிங்குகளைத் தின்றுவிடும். ஹெட் போனால் ஹெட்டோடு போகும், ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்க் வரைக்கும் போகும். அவனுக்கு அப்போது வேலையும் நிச்சயமில்லாத நேரம். புது வண்டி வாங்குகிற நிலையில் இல்லை. இதை எழுதக் காரணமும் அதுதான். ஹெட் தேர்வு என்பது பொழுதுபோக்குக்காரர்களின் விவாதம் மட்டும் இல்லை. மாசச் சம்பளக்காரன் ஒருவன் வேலைக்குப் போவானா மாட்டானா என்பது சில நேரம் அந்த இரும்புக் கட்டியில் இருக்கிறது.

அந்த ஜீப் இன்ஜின் ஒரு நல்ல இன்ஜின். அமெரிக்கன் மோட்டார்ஸ் செய்தது. 1987 மாடலில் வந்து, அந்த வருடமே கம்பெனி கிரைஸ்லர் கைக்குப் போய், 2006 வரை ஓடியது. பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. இந்த இருபது வருடங்களில் ஹெட் பல தடவை மாறியிருக்கிறது. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத்தான் எல்லோரும் பெயராகச் சொல்வார்கள். 1991 முதல் 95 வரை 7120. 96 முதல் 99 வரை 0630. அதற்குப் பிறகு 0331. பெயரைக் கேட்டால் பேருந்துத் தட எண் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஊருக்குப் போகிற பேருந்துதான்.

0331-ல் புகை வழியைச் சிறிதாக்கினார்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. அத்தோடு நடுவில், மூன்றாவது நான்காவது சிலிண்டர்களுக்கு இடையே, அந்த ஹெட் விரிசல் விடும் என்ற கெட்ட பெயரும் வந்தது. முக்கியமாக 2000, 2001 வண்டிகளில். விரிசல் எரியறைக்குள் போகாது. வால்வு மூடிக்குக் கீழே மேல்தளத்தில் விடும். அதனால் புகை வெள்ளையாக வராது, வெளியே ஒழுகாது, தண்ணீர் சத்தமில்லாமல் ஆயிலில் இறங்கும். என் மருமகன் சொன்ன அறிகுறி அச்சு அசலாக அதுதான். வால்வு மூடியைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பினான். தலைமுடி தடிமனில் ஒரு கோடு. அதிலிருந்து துருப் பிடித்த கண்ணீர் மாதிரி ஒரு தடம். ஃபவுண்டரியில் முப்பது வருஷம் பார்த்த அதே கோடு.

ஏன் நடுவில்? நீளமான ஹெட் ஒன்று சூடாகும்போது நீள வேண்டும். இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. நடுப்பகுதி இரண்டு பக்கத்துச் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது, நீளவும் இடமில்லை. நாள்தோறும் சூடு, ஆறுதல், சூடு, ஆறுதல். அந்த இடத்தில் இரும்பு மெல்லிசாக அமைந்துவிட்டால், வலுவற்ற இடம் எது என்று விரிசலுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பிற்பாடு வந்த 0331 ஹெட்டுகளில் அந்த இடத்தைத் தடிமனாக்கினார்கள். எண் மாறவில்லை. அதே 0331. அப்படியானால் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பது? நடுவில், வால்வு மூடிக்குக் கீழே, டூபி என்று நான்கு ஆங்கில எழுத்து புடைத்திருக்கும். டூபி என்பது பிரேசில் நாட்டு ஃபவுண்டரி ஒன்றின் பெயர். ஊற்றியவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஜீப் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் பழைய ஹெட் வாங்கும்போது அந்த எழுத்தைத் தேடித்தான் வாங்குகிறார்கள். வார்ப்படக்காரன் பெயரைப் பார்த்து உலகத்தில் யாராவது பொருள் வாங்குவார்களா? இரும்புக் குழம்பு ஊற்றுகிறவனின் பெயர் எப்போதும் பெயிண்டுக்கு அடியில்தான் இருக்கும். அந்தக் கதையைக் கேட்டபோது, பார்த்தே இராத பிரேசில்காரர்களை நினைத்து எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை.

மருமகனுக்கு மூன்று வழி இருந்தது. உடைந்த வண்டிகள் நிற்கும் யார்டில் 0630 ஒன்று மலிவாகக் கிடைத்தது. பெயர் தெரியாத புது ஹெட் ஒன்று பளபளவென்று பெட்டியில் வரும். மூன்றாவது, டூபி எழுத்துள்ள பழைய 0331. அவன் நண்பர்கள் 0630-க்குக் கை தூக்கினார்கள். அது விரிசல் விடாது என்று நல்ல பெயர் எடுத்த ஹெட். நான் வேண்டாம் என்றேன். 0630 கெட்டது என்பதால் இல்லை. 2000 மாடலில் இக்னிஷன் காயில்கள் ஒரே தண்டாக ஹெட்டின் மேலேயே உட்காரும். பழைய ஹெட்டில் அதற்கான ஏற்பாடு தயாராக இருக்காது, ஏதாவது தகடு வெட்டிச் சமாளிக்க வேண்டும். புகை வழியின் அளவும் வேறு, இவன் வண்டியின் மேனிஃபோல்டு சிறிய வழிக்கு ஆனது. முடியாது என்பதில்லை, பலர் செய்து ஓட்டுகிறார்கள். ஆனால் வேலைக்குப் போக வண்டி வேண்டியவன் பரிசோதனைக்கூடம் நடத்தக்கூடாது.

புது ஹெட் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. புதியது என்பது ஒரு தகுதியே இல்லை. யார் ஊற்றியது, எந்தத் தர இரும்பு, கோர் நகர்ந்ததா, ஊற்றிய பிறகு உள் இறுக்கம் தணியச் சூடுபடுத்தி மெதுவாக ஆற்றினார்களா, இதில் ஒன்றுக்கும் பெட்டியின் மேல் பதில் இருக்காது. அவசரமாக ஆற்றிய வார்ப்பு, கடைசலில் மட்டமாக இருக்கும், ஆறு மாதம் ஓடிய பிறகு வளையும். எங்கள் காலத்தில் பெரிய வார்ப்புகளை மாதக்கணக்கில் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பார்கள். அப்படிப் போட்டால் இரும்பு 'பழகும்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் அடுப்பில் வைத்து 500, 600 டிகிரிக்குச் சூடாக்கி ஆற்றுவதற்கு ஈடாகாது. ஓடிய ஹெட் ஒன்று ஆயிரக்கணக்கான தடவை சூடாகி ஆறியிருக்கிறது. அதற்குப் பிறகும் விரிசல் இல்லை என்றால், அது பரீட்சை எழுதிப் பாஸான பிள்ளை. புது ஹெட் இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

ஆனால் பாஸானது என்பதை யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. இரும்பு ஹெட்டுக்குக் காந்தச் சோதனை இருக்கிறது: காந்தமாக்கி, இரும்புத் தூள் தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் தூள் கோடாக ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு தண்ணீர் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். (அலுமினிய ஹெட்டுக்குக் காந்தம் உதவாது, அதற்குச் சாய முறை.) மருமகன் வாங்கி வந்த முதல் டூபி ஹெட்டிலேயே தண்ணீரில் குமிழி வந்துவிட்டது, நடுவில் இல்லை, வேறொரு மூலையில். யாரோ ஒரு ஆசாமி தண்ணீரே இல்லாமல் ஓட்டியிருக்க வேண்டும். நல்லவேளை, யார்டுக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டாவது சோதனையில் தேறியது. "ஹெட்டு விலைக்கு பாதி சோதனைக்கே போயிருச்சுங் மாமா" என்று புலம்பினான். புலம்பட்டும். அந்தப் பாதிதான் அவன் செலவு செய்ததிலேயே உருப்படியான பணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒட்டுப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். எபாக்சி பூசி இரண்டு வருடம் ஓட்டினேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெல்டிங் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். முழு ஹெட்டையும் அடுப்பில் சூடேற்றி, பற்றவைத்து, மறுபடி மெதுவாக ஆற்றத் தெரிந்த கை என்றால் சரி. அப்படியில்லாமல் ஒரு மூலையில் மட்டும் பற்றவைத்தால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே இரும்பு கண்ணாடி மாதிரி கெட்டியாகிப் புது விரிசல் கிளம்பும். வார்ப்பிரும்பைப் பொறுத்தவரை சூடு இல்லாமல் ஆணி ஆணியாகத் தைத்து மூடுகிற முறைதான் என் மனசுக்குப் பிடித்தது. ஆனால் மாற்று ஹெட் கிடைக்கிற இன்ஜினுக்கு அது வீண் செலவு. கிடைக்காத இன்ஜினுக்குத்தான் அந்தப் பாடு.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஹெட்டைக் கழற்றினாலே 'ஃபேசிங்' போட்டுவிடுவது ஒரு சடங்காகிவிட்டது. கோணல் இருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து, ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்ப்பதில்லை. லேத் பட்டறைக்கு அனுப்பு, தேய்த்துக் கொண்டு வா. இதுவரை எத்தனை தடவை தேய்த்திருக்கிறார்கள் என்று ஹெட்டுக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது.

அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரொம்ப காலம் ஓடிய 1489 சிசி இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ். ஒரு சிலிண்டருக்கு 372 சிசி. அழுத்த விகிதம் 7.2 என்று வைத்துக்கொண்டால், மேலே மிச்சம் இருக்கிற இடம் 60 சிசி. எரியறையின் பரப்பு துளையின் பரப்பில் முக்கால் பங்கு என்றால், ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் சுமார் 3 சிசி குறையும். விகிதம் 7.5-ஐத் தாண்டும். இது ஒன்றும் குடி முழுகிப் போகிற விஷயம் இல்லை, நல்ல பெட்ரோலில் வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாகவே ஓடும். ஆனால் மூன்று பட்டறையில் மூன்று தடவை தேய்த்த ஹெட் என்றால்? தண்ணீர் வழிக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கிற தட்டு ஒவ்வொரு தடவையும் மெலிகிறது. கோர் ஒரு பக்கம் ஒதுங்கிப் பிறந்த ஹெட்டாக இருந்தால் அந்தப் பக்கம் முதலிலேயே மெல்லிசு. தேய்க்கிறவருக்கு அது தெரிய வழியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரி புஷ்ராடு இன்ஜினில் ஹெட் கீழே இறங்கினால் ராக்கரும் இறங்கும், புஷ்ராடின் நீளம் அப்படியே இருக்கும். அம்பாசடரில் டேப்பட் திருகு இருக்கிறது, சரிசெய்துகொள்ளலாம். மருமகனின் ஜீப்பில் திருகே கிடையாது, ஆயில் அழுத்தத்தில் தானாகச் சரிசெய்துகொள்ளும் லிஃப்டர். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதிகம் தேய்த்த ஹெட்டை மாட்டினால் லிஃப்டர் முழுக்க அமுங்கி, வால்வு சரியாக மூடாமல் நிற்கும். அதே ஃபேசிங், ஒரு வண்டியில் தொந்தரவில்லை, இன்னொன்றில் தலைவலி.

அம்பாசடர் வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் நம் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 2000-ஆம் வருடத்தோடு நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய பெட்ரோல் ஹெட்டில் வால்வு சீட் என்பது தனி வளையம் இல்லை, ஹெட்டின் இரும்பிலேயே கடைந்தது. ஈயம்தான் அந்த இரும்பைத் தேய்மானத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தது. அது போனபின் நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டுகிற வண்டிகளில் புகைவால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அடிக்கடி டேப்பட் இடைவெளி குறைந்துபோகிறது என்றால் அதுதான் அறிகுறி. உடனே பட்டறையில், "எல்லா சீட்டையும் வெட்டி எடுத்துட்டு கெட்டி வளையம் போட்டுடலாம்" என்பார்கள். எட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. இறங்கியிருந்தால் புகைவால்வு நான்குக்கு மட்டும் போடுங்கள். வளையத்துக்காகக் குடையும்போது பின்பக்கம் தண்ணீர் வழி இருக்கிறது. கோர் ஒதுங்கிய பக்கம் குடைந்தால் தண்ணீர் தெரியும். அதன் பிறகு அந்த ஹெட் பழைய இரும்புக் கடைக்குத்தான். மெதுவாக, ஊர்வலத்துக்கு மட்டும் ஓடுகிற வண்டியின் சீட் இறங்காமல் இருந்தால், அதைத் தொடாமல் வால்வை மட்டும் லேப்பிங் செய்து மாட்டுங்கள். கெடாததைச் சரிசெய்யக் கூலி கொடுப்பானேன்?

பட்டறைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். சோதனைக்கு அனுப்பினால் இரண்டு நாள் தாமதம். வண்டிக்காரர் நிற்க விடமாட்டார். சோதனைக் கூலியை பில்லில் போட்டால், "எதுக்குய்யா இது?" என்று அதைத்தான் முதலில் அடிப்பார். பக்கத்துப் பட்டறைக்காரர் சோதிக்காமலே மாட்டிக் கொடுத்து மலிவு பெயர் வாங்கிக்கொள்வார். ஆகவே குற்றம் முழுக்க மெக்கானிக் தலையில் இல்லை. மலிவு கேட்கிற நமக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு வேலையை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது. பழைய ஹெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கிரைண்டர் வைத்து, புடைத்த எழுத்துகளை எல்லாம் மழித்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்து விற்பது. எங்கள் ஊரிலேயே ஒரு கடையில் பார்த்தேன். "பார்வைக்கு நீட்டா இருக்கும் சார்" என்றார். பிறந்த தேதி, அப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நீட்டா இருக்கும் என்கிறார். அதை வாங்கிப் போகிற ஆள் நாளைக்கு எந்த கேஸ்கட் வாங்குவது, எந்த வால்வு வாங்குவது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

ஹெட் வேலை செய்கிற பட்டறை எதுவாக இருந்தாலும் பில்லில் சில விஷயம் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். வார்ப்பு எண்ணும், பக்கத்தில் ஃபவுண்டரிக் குறி இருந்தால் அதுவும். தேய்ப்பதற்கு முன் ஹெட்டின் உயரம், தேய்த்த பின் உயரம். அழுத்தச் சோதனை செய்தார்களா, இல்லையா. கொஞ்சம் பொறுமையுள்ளவர் என்றால் எரியறையின் கொள்ளளவையும் அளக்கச் சொல்லலாம். வால்வையும் பிளக்கையும் மாட்டி, ஓட்டையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி மேலே ஒட்டி, பியூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டு அளந்தால் தெரிந்துவிடும், கால் மணி நேர வேலை. நான்கு அறையும் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு சிசிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே நான் அதைச் செய்யச் சொல்வேன். ஒரு அறை மட்டும் தனியாகக் குறைந்து நின்றால் அங்கே கோர் நகர்ந்ததா, முன்பு எவரோ சாய்த்துத் தேய்த்தாரா என்று யோசிக்க ஒரு நூல் கிடைக்கும்.

பில் தாளை வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஹெட்டைக் கழற்றுகிறவர் வேறு ஆளாக இருப்பார். உங்களிடமிருந்து வண்டி வாங்குகிறவர் இன்னும் வேறு ஆளாக இருப்பார். மருமகன் தன் வண்டியில் வால்வு மூடியின் உள்பக்கம் எண்ணையும் தேதியையும் தேய்த்த அளவையும் பஞ்சு வைத்து அடித்திருக்கிறான். பெயிண்டில் எழுதினால் ஆயிலில் கரைந்துவிடும் என்று அவனே யோசித்துச் செய்தது. படம் அனுப்பியிருந்தான். எழுத்து ஒன்றுகூட நேராக இல்லை, ஆனால் படிக்க முடிகிறது.